பாங்குக்கு முன்னால் அடித்த போன்

விருந்துக்கு ஆட்கள் வந்ததும் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்காதீர்கள். யார் சாப்பிடவில்லை என்று பாருங்கள். சாப்பிடாதவர் ஒன்று நோயாளியாக இருப்பார், இல்லையென்றால் வேவு பார்க்க வந்தவராக இருப்பார். ஹால் டூட்டியில் நின்று நின்று நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. புதிதாக வெயிட்டர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். தட்டு எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் நின்று பரிமாறுவது எல்லாம் உங்களுக்கு மேலிருக்கும் கேப்டன் சொல்லித்தருவார். விருந்தாளியைப் பற்றி உங்களிடம் யாராவது விசாரித்தால் என்ன சொல்வது? அதைச் சொல்லித்தர மாட்டார். அவருக்கும் தெரியாது.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் கேட்டாலும், "நான் தட்டைத்தான் பாத்தேன், ஆளைப் பாக்கல" என்று சொல்லிவிடுவேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு கம்பெனி பார்ட்டியில் மேனேஜர் எவ்வளவு குடித்தார் என்று ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே விசாரித்தார். என்னோடு வேலை செய்தவர் சொல்லிவிட்டார். அந்த மேனேஜரின் வேலை போனது. கொஞ்ச நாளில் சொன்னவரின் வேலையும் போனது. கேட்டவர் மட்டும் அடுத்த பார்ட்டிக்கும் வந்தார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

இனி டாக்டர்கள் விஷயம்.

டாக்டருக்குப் படித்து முடித்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சில வருடம் பயிற்சி எடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். அதற்கு ரெசிடென்சி என்று பேர். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் கூட்டம். துபாயில் ஓர் ஆஸ்பத்திரி இதற்கு இன்டர்வியூ வைக்கும்போது முந்தின நாள் எங்கள் ஹாலில் ஒரு விருந்தும் வைக்கும். "இது இன்டர்வியூ இல்லை, சும்மா பழகத்தான்" என்று அழைப்பில் போட்டிருக்குமாம். சும்மா பழகுகிற இடத்தில் எதற்கு எல்லோர் சட்டையிலும் பெயர் அட்டை? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் மேசைக்கு ஒருவராகப் பிரிந்து உட்கார்கிறார்கள்? எனக்கு முதல் வருடமே பிடிபட்டுவிட்டது. வந்த டாக்டர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்திலும் பசி இல்லை.

அந்த வருடம் இன்டர்வியூ நோன்பு மாதத்தில் வந்தது. அதனால் விருந்து, நோன்பு திறக்கும் இஃப்தார் விருந்தாகிவிட்டது. சூரியன் இறங்கி, தொழுகைக்கான பாங்கு சொல்லும் வரை தண்ணீர்கூடக் கிடையாது. மற்ற விருந்தில் வந்தவுடன் கையில் ஒரு கிளாஸ் கொடுத்துவிடுவோம். அதைப் பிடித்துக்கொண்டு ஆள் சமாளித்துவிடுவார். அன்றைக்கு எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள்.

ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து ஒரு மேடம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார். மும்பைக்காரர். என்னிடம் இந்தியில்தான் பேசுவார். எல்லோரையும் 'பாய்', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். மேசை போட்டுக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாய், உங்க ஆளுங்க எல்லா டேபிளுக்கும் போவாங்கல்ல? யாரு மரியாதையா நடந்துக்கறாங்க, யாரு விரலைச் சொடக்கிக் கூப்பிடறாங்கன்னு பாத்து வைங்க. அப்புறம் எங்கிட்ட சொல்லுங்க."

"எதுக்கு மேடம்?"

"நாளைக்கு இவங்க நோயாளிகிட்ட எப்படி நடந்துப்பாங்கன்னு தெரியணும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படுகிற வேலையில்தான் மாட்டிக்கொள்வோம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர்களுக்கு இதுவும் முன்னமே தெரிந்திருக்கிறது. வெயிட்டரிடம் பணிவாக இருங்கள், அவன் போய்ச் சொல்வான் என்று யாரோ போனில் வீடியோ போட்டிருப்பார்கள் போல. வந்தவர்கள் எல்லாம் எங்களுக்கு சலாம் வைத்தார்கள், தேங்க்யூ சொன்னார்கள். அதில் ஒருவர் அளவுக்கு மீறிப் போனார். சாம்பல் நிறக் கோட்டு. பேர் இர்ஃபான். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம், வளர்ந்தது ஷார்ஜா ரோலாவில். ஒவ்வொரு வெயிட்டராகப் போய்க் கைகுலுக்கிப் பேர் கேட்டார்.

என் ரூம்காரன் செல்வத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாப்ள, டாக்டர் என் பேரைக் கேட்டாருடா."

"ஒன் பேரு சட்டையிலயே தொங்குது. அவருக்குப் படிக்கத் தெரியாதா?"

"போடா. ஒருத்தன் மரியாதையாப் பேசுனா ஒனக்குப் பொறுக்காது."

"ஒன்னைப் பாத்துக் கை குடுத்தாரா, மேடத்தைப் பாத்துக் குடுத்தாரா?"

செல்வம் யோசித்தான். "ஆமா மாப்ள, மேடம் அங்கதான் நின்னுச்சு" என்றான்.

எனக்கு அந்த இர்ஃபான் மேல் அப்போதே நம்பிக்கை போய்விட்டது. நாற்காலி தூக்கக்கூடக் கை கொடுக்க வந்தார். "நீங்க உக்காருங்க டாக்டர், எங்க வேலைக்கு ஒலை வச்சிராதீங்க" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

இன்னொரு பெண் சுவரோரமாகத் தனியாக நின்றார். யாரிடமும் பேசவில்லை. நான் பக்கத்தில் போனபோது மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, நீங்க தமிழா?"

"ஆமாம்மா. சிவகங்கைப் பக்கம்."

"நான் நித்யா. புஜைராவுல ஒரு கிளினிக்ல இருக்கேன். டூட்டி முடிச்சு அப்படியே பஸ் புடிச்சு வரேன். ரொம்பத் தலைவலி."

"தண்ணி வேணும்னா கிச்சன் பக்கம் வாங்கம்மா. நோன்பு இல்லாதவங்க அங்க குடிச்சுக்கலாம்."

"வேணாம். யாராவது பாத்தா அதையும் போட்டுக் குடுத்துருவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இது எனக்கு மூணாவது தடவைண்ணா. கிளினிக்கையும் மூடப்போறாங்க, விசாவும் முடியுது. இதுவும் இல்லேன்னா ஊருதான்."

பாவமாக இருந்தது. இவர் நடிக்கவில்லை என்று தோன்றியது. கைகுலுக்கவும் இல்லை, பேர் கேட்கவும் இல்லை பாருங்கள்.

பாங்கு நேரம் நெருங்கியது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் தமிழ் என்று மேடம் நித்யாவையும் இர்ஃபானையும் ஒரே மேசையில் போட்டிருந்தார். முன்மேசையில் பெரிய டாக்டர். அவர்தான் ஆளை எடுப்பவர். அரபிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு தட்டிலும் பேரீச்சம்பழம், பக்கத்தில் தண்ணீர். ஹால் ஸ்பீக்கரில் பாங்கு கேட்டால்தான் கை வைக்க வேண்டும். நான் தண்ணீர் ஜக்கோடு நித்யாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

அப்போது பாங்குச் சத்தம் கேட்டது.

ஸ்பீக்கரில் இல்லை. எனக்கு முன்னால், நாற்காலியில் தொங்கிய நித்யாவின் கைப்பையிலிருந்து.

கிழக்கே இருக்கும் புஜைராவில் சூரியன் துபாயைவிட முன்னால் இறங்கும். சில நிமிடம்தான் வித்தியாசம். கூட வேலை செய்பவர்கள் நோன்பு திறக்கும் முன் தான் எதையும் தின்றுவிடக் கூடாதே என்று கிளினிக்கில் மற்ற மதத்துப் பெண்கள்கூட இந்தப் பாங்கு ஆப்பைப் போனில் வைத்துக்கொள்வார்கள். நல்ல எண்ணம்தான். துபாய்க்கு வந்தபோது நித்யா அதில் ஊரை மாற்ற மறந்துவிட்டார்.

இர்ஃபான் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார். நாளெல்லாம் பசித்த கை, தானாகப் போய்விட்டது. அவரைப் பார்த்து அந்த மேசையில் இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். நித்யா கைப்பைக்குள் கையை விட்டு அமுக்கினார். சத்தம் நின்றது.

பெரிய டாக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த மேசையைப் பார்த்தார். முன்னால் திறந்தால் அன்றைய நோன்பு வீண். இன்னொரு நாள் திரும்ப வைக்க வேண்டும். இர்ஃபான் வாயில் இருந்ததைத் துணியில் எடுத்து மடித்து வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

மேடம் வேகமாக வந்தார். "யார் போன் அது?"

நித்யா தட்டைப் பார்த்தார். கை மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்னோடது மேடம். சாரி" என்றார் இர்ஃபான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போன் கோட்டுப் பையில் கிடந்தது. அது கத்தவே இல்லை. நித்யா தலையை நிமிர்த்தவில்லை. உடனே ஸ்பீக்கரில் சரியான பாங்கு வந்துவிட்டது. எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நானும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன்.

பிரியாணி பரிமாறும்போது மேடம் என்னைக் கிச்சன் வாசலில் பிடித்தார்.

"பாய், சத்தம் அவன்கிட்டருந்து வந்த மாதிரி எனக்குத் தெரியலை. நீங்க பின்னாடியே நின்னீங்க. யார் போன்?"

புதிதாக வந்தவர்களே, இங்கே நின்று யோசியுங்கள். எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை. கையில் சூடான தட்டு.

போட்டிக்கு வந்தவன் போட்டியாளரின் தப்பை எதற்குத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்? எனக்குத் தெரிந்த உலகத்தில் அப்படி நடக்காது. இவன் கணக்குப் போட்டுத்தான் செய்கிறான் என்று நினைத்தேன். மேடம் எப்படியும் விசாரிப்பார், வெயிட்டர் உண்மையைச் சொல்லிவிடுவான், அப்போது இவன் தியாகி ஆவான், அந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். கைகுலுக்கிப் பேர் கேட்டதெல்லாம் இதற்குத்தான் என்று பட்டது. உண்மையைச் சொன்னால் அவன் ஆட்டத்துக்கு நான் கை கொடுத்த மாதிரி. அவன் போன் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

என் வழக்கமான பதிலைச் சொன்னேன். "நான் தட்டைத்தான் பாத்தேன் மேடம்."

"பாக்கச் சொல்லலை. காதுல கேட்டிருக்கும்ல?"

"காதும் தட்டுலதான் இருந்துச்சு."

மேடம் என்னை உற்றுப் பார்த்தார். "அச்சா. அப்ப அவன் சொன்னதையே வச்சுக்கறேன்" என்று போய்விட்டார்.

இதைக் கவனியுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்தேன். ஆனால் மேடத்தைப் பொறுத்தவரை நான் பதில் சொல்லியாகிவிட்டது. கேட்டவர் அதற்கு ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு போனார்.

ஷார்ஜா முவைலாவில் இருக்கும் எங்கள் ரூமுக்கு பஸ்ஸில் திரும்பும்போது செல்வத்திடம் சொன்னேன். அவன் ஒரே வார்த்தையில் முடித்தான்.

"அந்தாளு நல்லவனா இருந்துட்டா என்னடா பண்ணுவ?"

"இருக்க மாட்டான்."

"ஒனக்கு யாரைத்தான்டா புடிக்கும்?"

அடுத்த வருடமும் நோன்பு மாதத்தில்தான் அந்த விருந்து வந்தது. அதே ஹால், அதே மேடம். போன வருடம் இடம் கிடைத்தவர்கள் இந்த வருடம் ஆஸ்பத்திரி அட்டையோடு புதியவர்களிடம் பழக வருவார்கள். அதாவது வேவு பார்க்க. அவர்களில் நித்யா இருந்தார். நல்ல உடுப்பு, நிமிர்ந்த நடை. சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு.

இர்ஃபானும் இருந்தார். அட்டையில் ஆஸ்பத்திரி பேர் இல்லை. அதே சாம்பல் கோட்டு. இடம் கேட்டு மறுபடி வந்திருக்கிறார். வெயிட்டர்களிடம் கைகுலுக்கிப் பேர் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடமும் கேட்டார். போன வருடம் கேட்டது அவருக்கு நினைவில்லை.

பாங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னால் நித்யா என் பக்கம் வந்தார்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? ஒரு ஹெல்ப் பண்ணுங்க. கேண்டிடேட்ஸ் எல்லாம் உங்க ஆளுங்ககிட்ட எப்படி நடந்துக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க. இந்தத் தடவை மேடம் எங்கிட்ட ரிப்போர்ட் கேட்டிருக்காங்க."

நான் தட்டை அடுக்கிக்கொண்டே நின்றேன்.

"முக்கியமா அந்த கிரே கோட்டுக்காரர். போன வருஷம் அவர் போன்தான் முன்னாடியே அடிச்சு எல்லார் நோன்பையும் கெடுத்துச்சு. ஞாபகம் இருக்குல்ல?"

இதைச் சொல்லும்போது என் கண்ணை விடாமல் பார்த்தார். அந்தப் பார்வை நினைவுபடுத்துகிற பார்வை இல்லை. எனக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கிற பார்வை. நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றது அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போன வருடம் நான் சந்தேகப்படத் தெரியாமல் சந்தேகப்பட்டிருக்கிறேன். இனிக்கப் பேசுகிறவனைச் சந்தேகப்பட்டேன். பாவம் என்று நினைத்த ஆளைச் சந்தேகப்பட மறந்துவிட்டேன். இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

"தட்டைத்தான் பாத்தேன்" என்பது வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அந்த ஆளுக்கு இந்த வருடமும் அதே கதி. இரண்டாம் முறையாக.

"டாக்டரம்மா, போன வருஷம் நான் பாத்ததையே இன்னும் யாருகிட்டயும் சொல்லல" என்றேன்.

அவர் தன் ஆஸ்பத்திரி அட்டையைச் சரிசெய்தார்.

"மேடம் அன்னைக்கும் கேட்டாங்க. இன்னைக்கும் கேப்பாங்க. இந்தத் தடவை கேட்டா சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்களே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்."

மிரட்டிச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம், போன வருடம் இர்ஃபான் முகம் வெளுத்தது போல வெளுத்தது.

ஸ்பீக்கரில் பாங்கு வந்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். நித்யாவும் ஒன்று எடுத்தார். வாயில் போடவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு மேடம் இருந்த மேசைக்குப் போனார். குனிந்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். மேடம் முதலில் சாம்பல் கோட்டைத் தேடினார். அப்புறம் என்னைத் தேடினார். நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மேடம் அன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு எப்போதும் கேட்டதில்லை.

அதற்கு அடுத்த வருடம் இர்ஃபான் ஆஸ்பத்திரி அட்டையோடு வந்தார். நித்யாவும் வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் மன்னித்தாரா, இல்லை அவர் வேறு மாதிரி மாற்றிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

இர்ஃபான் வழக்கம்போல வந்து கையை நீட்டினார்.

"அண்ணே, உங்க பேரு?"

"மூணாவது வருஷமாக் கேக்குறீங்க டாக்டர்."

அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்குப் பேரே நிக்காதுண்ணே. பேஷண்ட் பேரும் அப்படித்தான். அதான் கேட்டுக்கிட்டே இருப்பேன். மொகம் மறக்காது. அன்னைக்கு அந்த நாற்காலிக்குப் பின்னாடி ஜக்கோட நின்னது நீங்கதானே?"

நானும் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி என் தொண்டையில் இரண்டு வருடம் கிடந்தது.

"அன்னைக்கு ஏன் டாக்டர் பொய் சொன்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"பெருசா ஒண்ணும் நினைக்கலண்ணே. நோன்பு போச்சேன்னு மனசு அதுலயே இருந்துச்சு. நானும் என் போன்ல பாங்கு அலாரம் வச்சிருந்தேன். யாரு போனுன்னு அதட்டிக் கேட்டதும் என்னோடதுன்னு வாயில வந்துருச்சு. என்னோடது இல்லேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு மொகத்தைப் பாத்தேன். மாத்திச் சொல்ல மனசு வரல. ஒரு வருஷம் போச்சு."

நல்லவன் என்று காட்டிக்கொள்கிறவன் இப்படிச் சொல்ல மாட்டான். பயத்தில் உளறிவிட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட்டார். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. அவர் பேசி முடித்ததும் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் வாசலில் நின்றார். பெரிய டாக்டர் இன்னும் வரவில்லை. செல்வம் அந்தக் கோடியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் பேசியது காதில் விழுகிற தூரத்தில் ஒருவர்கூட இல்லை.

அப்புறம்தான் நம்பினேன்.